இரும்பு குடித்த சிக்னல்

"இந்த வீட்டுக்குள்ள கரண்ட்ல ஓடுற எது வந்தாலும், அதை முதல்ல தொடுறது என் கையாத்தான் இருக்கணும்!"

சனிக்கிழமை காலையில் ரேடியோக்காரர் இப்படி ஒரு பிரகடனம் செய்தார். பல் துலக்கிக்கொண்டே செய்ததால் அதில் பாதி நுரையாகப் போய்விட்டது. மீதிப் பாதியைக் கேட்ட அவர் மனைவி, சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த துணிமேல் சாக்கட்டியால் கோடு போட்டபடியே, "தொடுங்களேன், யாரு வேண்டாம்னா?" என்றாள்.

அவளைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். தையல் டீச்சர். பதினெட்டு வருஷமாக அந்தச் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்குத் துணி வெட்டுகிற மேஜை. துணியைச் சுருட்டினால் சாப்பாடு, தட்டை எடுத்தால் துணி. ஒரு தடவை ரேடியோக்காரர் கண்ணாடி போடாமல் சாப்பிட உட்கார்ந்து, யாருடைய சட்டைக் காலரிலோ கை துடைத்துவிட்டு எழுந்து போனார். சட்டைக்குச் சொந்தக்காரர் அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வீட்டில் வேறு இடமே இல்லையா என்றால், ஏன் இல்லை? முன்னறை இருக்கிறது. விசாலமான அறை, பெரிய ஜன்னல், காலை வெளிச்சம் அப்படியே கொட்டும். ஆனால் அதில் நாற்பத்தொரு ரேடியோக்கள் குடியிருந்தன. ரிப்பேருக்கு வந்து, சொந்தக்காரர்கள் திரும்பி வராமலே தங்கிவிட்ட ரேடியோக்கள். ஒன்றும் பாடாது. கூடவே மூன்று இரும்பு அலமாரி, ஒரு பெட்டி நிறைய டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கூடை ஸ்பீக்கர் காந்தம், எதற்கென்று அவருக்கே தெரியாத ஒயர் ஒரு மூட்டை. அதற்கு 'ஆராய்ச்சி ரூம்' என்று பெயர் வைத்திருந்தார். அங்கே தவறாமல் நடந்த ஒரே ஆராய்ச்சி, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை, சாய்வு நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு.

டீச்சர் அந்த அறையைப் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது விஷயம் முற்றிவிட்டது. வேறு ஊரில் இருக்கும் ஆறு பெண்கள் அவளிடம் துணி வெட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு, எல்லாம் திரை வழியாக. அதற்கென்றே ஒரு டேப் வாங்கிவிட்டாள். அளவெடுக்கிற டேப் அவளிடம் ஏற்கெனவே ஏழு உண்டு. இது விரலால் தடவுகிற டேப்.

"பாருங்க, ஆறு பொண்ணுங்க என்னைப் பார்க்கப்போறாங்க. இந்த மேஜையில வகுப்பு எடுத்தா, பின்னாடி நீங்க பனியனோட கொட்டாவி விடுறதும் சேர்ந்து தெரியும். அந்த ரூமைக் கொடுத்துடுங்க."

"பனியனை மாத்திக்கிறேன். ரூமைத் தரமாட்டேன்."

"நாற்பத்தொண்ணுல ஒண்ணாவது பாடுமா?"

"பாடாததுதான் ஆராய்ச்சி. பாடிட்டா அது வெறும் ரேடியோ."

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் குரல் கொஞ்சம் கம்மியது. "பதினெட்டு வருஷம் எச்சில் மேஜையிலேயே வெட்டிட்டேங்க. ஒரு நாளாவது நல்ல வெளிச்சத்துல நின்னு வெட்டணும்னு ஆசையா இருக்கு."

ரேடியோக்காரருக்கு அது உள்ளே எங்கேயோ குத்தத்தான் செய்தது. ஆனால் நாற்பத்தொரு ரேடியோவும் ஒரே நேரத்தில் அவரைப் பார்ப்பது போலவும் இருந்தது. அதனால் பேச்சை மாற்ற வாயைக் கொப்பளித்தார்.

டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றினாள். "சரி, அதை விடுங்க. இந்த டேப்பை வைஃபைல சேர்க்கணும். பக்கத்து வீட்டு பல் டாக்டர் சேர்த்துத் தரேன்னு சொன்னாரு."

அவ்வளவுதான். ரேடியோக்காரருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பல்லு பிடுங்குறவர் வந்து என் வீட்ல அலையைப் பிடிக்கிறதா? வைஃபைன்னா என்ன? ஒயர் இல்லாத அலை! முப்பது வருஷமா அலையோட குடித்தனம் பண்றவன்டி நான்!"

"அப்ப என்னோட பண்ணினது?"

"அது... அதுவும்தான்."

இந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரே வாசலில் வந்து நின்றார். தினமும் பேப்பர் இரவல் வாங்க வருகிற மனிதர். சாது. ஆனால் உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"டாக்டர், நீங்க சாட்சி!" என்றார் ரேடியோக்காரர். "இன்னைக்கு மூணு மணிக்குள்ள இந்த டேப்பை நானே சேர்த்துக் காட்டுறேன். அதுவும் என் ஆராய்ச்சி ரூம்லயே!"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள். "நாலு கோடு சிக்னல் வேணும். படம் விக்காம ஓடணும்."

"அஞ்சு கோடு கேளு, அதுவும் தரேன்."

"அஞ்சு கிடையாதுங்க, நாலுதான். நீங்க சேர்த்துட்டா, அந்த ரூமைப் பத்தி இனிமே நான் வாயே திறக்கமாட்டேன். முடியலைன்னா ரூம் எனக்கு."

"டன்!" என்றார் ரேடியோக்காரர்.

"டன்," என்றாள் டீச்சர்.

"வலிக்காது," என்றார் பல் டாக்டர், பழக்க தோஷத்தில்.

குளித்து, சுத்தமான பனியன் போட்டு, டேப்பை ஏந்திக்கொண்டு ரேடியோக்காரர் ஆராய்ச்சி ரூமுக்குள் புகுந்தார். திரையைத் தடவினார். வீட்டு வைஃபையின் பெயரே காணோம். டேப்பின் முதுகில் பளாரென்று இரண்டு அறை விட்டார். முப்பது வருஷத்தில் எத்தனையோ ரேடியோக்கள் அந்த அறைக்குப் பயந்து பாடியிருக்கின்றன.

"ஐயையோ! என் டேப்பு!" என்று ஹாலிலிருந்து டீச்சர் அலறினாள்.

"சத்தம் போடாதே, வைத்தியம் நடக்குது. அந்த வைஃபை பெட்டி எங்க இருக்கு?"

"வழக்கமான இடத்துலதான். பீரோ மேல, நூல் டப்பாகிட்ட. லைட்டெல்லாம் எரியுதே. வேணும்னா ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்."

"எதுக்கு?" ரேடியோக்காரர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "முப்பது வருஷத்துல எத்தனை பேர் வந்து, 'ஸ்டேஷன் சரியில்லைங்க'ன்னு சொல்லியிருப்பான் தெரியுமா? ஒருத்தன் சொன்னதும் உண்மை இல்லை. ஸ்டேஷன்ல குத்தம் இருக்காது. குத்தம் எப்பவும் கேக்குற இடத்துலதான். இது தொழில் ரகசியம். டாக்டர், எழுதி வைச்சுக்குங்க."

டாக்டர் இரவல் பேப்பரின் ஓரத்தில் நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

ரேடியோக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கூரைவரை நின்ற இரும்பு அலமாரிகள் மேல் கண் நின்றது. நெற்றியில் ஒரு தட்டு தட்டிக்கொண்டார். "அட, என் புத்தியே! இரும்பு அலையைக் குடிக்கும்!"

"குடிக்குமா?" என்றாள் டீச்சர், வாசற்படியில் நின்று.

"குடம் குடமாக் குடிக்கும். கல்யாணமான வாரமே உனக்குச் செஞ்சு காட்டினேனே. மறந்துட்டியா?"

"மறப்பேனா?"

எப்படி மறப்பாள்? மற்ற மாப்பிள்ளைகள் புதுப் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவர் ஒரு சின்ன ரேடியோவைப் பாட விட்டு, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடியைப் போட்டார். பாட்டு நின்றது. திறந்தார், பாடியது. மூடினார், நின்றது. சாயங்காலம் முழுக்க இதுதான் தேனிலவு.

"அப்ப அலமாரியைத்தான் வெளியில எடுக்கணும்," என்றார் ரேடியோக்காரர்.

"ஐயோ, அது உங்க உயிராச்சே! வேண்டாங்க. தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது."

இதைக் கேட்ட பிறகு எந்த ஆண்பிள்ளை சும்மா இருப்பான்? "டாக்டர், அந்தப் பக்கம் பிடிங்க!" என்று கர்ஜித்தார்.

"சொத்தை இருந்தா எடுத்துடுறதுதான் நல்லது," என்று டாக்டரும் கை கொடுத்தார்.

அலமாரியைக் கொல்லைப்புறக் கொட்டகைக்குச் சுமந்து போனார்கள். கொட்டகை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ஓட்டை ஓடு மாற்றியிருந்தது. புதிதாக ஒரு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட், சுவரோரம் நீளமாக ஒரு மரப்பலகைகூட இருந்தது.

"இது எப்ப நடந்தது?"

"போன வாரம். சும்மா கை துறுதுறுன்னு இருந்துச்சு," என்றாள் டீச்சர். அவளுக்கு எப்போதுமே கை துறுதுறு என்றுதான் இருக்கும் என்பதால் ரேடியோக்காரர் மேலே கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது டீச்சர் ஸ்டூல் மேல் ஏறி, பீரோ மேலிருந்த நூல் டப்பாவில் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன பண்றே?"

"நீல நூல் எடுக்கிறேங்க."

ரேடியோக்காரர் டேப்பைப் பார்த்தார். பார்த்தவர் துள்ளினார். வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்துவிட்டது! பக்கத்தில் ஒரே ஒரு கோடு. "ஒண்ணு! டாக்டர், ஒண்ணு!"

பாஸ்வேர்டைத் தட்டும்போது சின்னத் தகராறு வந்தது. ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பிடித்துத் தடித்த விரல். ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. டீச்சர், "சுண்டு விரலால தட்டுங்க," என்று யோசனை சொன்னாள். மூன்றாவது தடவை டேப் வைஃபையில் சேர்ந்தது. ஆனால் படம் ஓடவில்லை. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒரு அலமாரிக்கு ஒரு கோடு," என்று ரேடியோக்காரர் கணக்குப் போட்டார். "மீதி ரெண்டையும் எடு!"

அலமாரிகள் போயின. வந்து பார்த்தால் இரண்டு கோடு. டீச்சர் மறுபடியும் ஸ்டூல் மேல்.

"இப்ப என்ன?"

"கறுப்பு நூல்."

"சும்மா சும்மா ஏறாதே. விழுந்து வைச்சா யாரு பார்க்கிறது? இங்க மனுஷன் உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறான்."

டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி போயிற்று. காந்தக் கூடையும் ஒயர் மூட்டையும் போயின. கூடையைத் தூக்கிய டாக்டரின் சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்து தானாக எழுந்து ஒரு காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்துத்தான் மீட்டார். வந்து பார்த்தால் மூன்று கோடு. டீச்சர் கையில் வெள்ளை நூல். படம் ஓடியது, நொண்டி நொண்டி.

மணி இரண்டே முக்கால். சாய்வு நாற்காலியைத் தவிர அறையில் மிச்சம் இருந்தது நாற்பத்தொரு ரேடியோக்கள் மட்டும்.

ரேடியோக்காரர் அவற்றைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் இரும்பு இருக்கிறது, அது அவருக்குத் தெரியாதா? ரூம் வேண்டுமென்றால் ரேடியோ வெளியே போகவேண்டும். ரேடியோவுக்காகத்தான் ரூம். மனிதர் ஒரு நிமிஷம் ஆடித்தான் போனார்.

"போதுங்க," என்றாள் டீச்சர், மெதுவாக. "மூணு கோடே பெரிசு. எல்லாராலயும் எல்லாமும் முடியுமா? டாக்டர் வீட்ல நாலு கோடு இருக்குன்னா, அவருக்கு அதுல கைராசி."

"என் வீட்ல ரெண்டு கோடுதாம்மா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். அதைக் கேட்க ரேடியோக்காரர் அங்கே இல்லை. இரண்டு கக்கத்திலும் இரண்டு ரேடியோவை இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே டாக்டரும் ஓடினார். பத்தே நிமிஷத்தில் இருபத்தொரு நடை. கடைசி ரேடியோவைப் பலகைமேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்க அறைக்குத் திரும்பி, டேப்பை எடுத்தார்.

நாலு கோடு!

படம் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரேடியோக்காரர் டேப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காலியான அறையை மூன்று சுற்று சுற்றி வந்தார். "பார்த்தியா! யாரு? யாரு நான்? முப்பது வருஷ சர்வீஸ்டி! கம்பெனிக்காரன் வந்தாலும் கண்டுபிடிச்சிருப்பானா? புஸ்தகத்துல போட்டிருக்கானா? டாக்டர், மணி என்ன?"

"ரெண்டு அம்பத்தாறு," என்றார் டாக்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

டீச்சர் கடைசியாக எடுத்த சிவப்பு நூற்கண்டோடு ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, வாயில் விரலை வைத்து அசந்து நின்றாள். "ஜெயிச்சுட்டீங்க. நான் சொன்ன சொல் தவறமாட்டேன். ரூம் உங்களுக்குத்தான். இனி வாயே திறக்கமாட்டேன்."

ரேடியோக்காரர் ஒரு சாக்கட்டியை எடுத்துக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இரும்பு உள்ளே வரக்கூடாது.' எழுதிவிட்டு அறை நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்து, நாலு சுவரையும் பார்த்தார். எதிரொலி கேட்டது. உட்கார சாய்வு நாற்காலி மட்டும் இருந்தது. ஆராய்ச்சி செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் ஜெயித்த மனிதனுக்குத் தாராள மனசு தானாக வருமே, அது வந்துவிட்டது.

"இந்தா," என்றார். "இந்த வீட்லயே நாலு கோடு இருக்கிற ரூம் இது ஒண்ணுதான். உன் வகுப்பை இங்கேயே நடத்திக்கோ."

"வேண்டாங்க. அது உங்க ரூம்."

"நான் சொல்றேன், நடத்து!"

"ஜெயிச்சது நீங்க. நான் எந்த முகத்தோட உள்ள வருவேன்?"

"ஐயோ, நானே கெஞ்சணுமா? டாக்டர், நீங்களாவது சொல்லுங்க. மேஜையைப் பிடிங்க. மரம்தானே, மரம் அலையைக் குடிக்காது."

இப்படியாக ரேடியோக்காரரே பெண்டாட்டியைக் கெஞ்சி, சாப்பாட்டு மேஜையைத் தன் தோளில் சுமந்து வந்து, வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலோரம் போட்டுக்கொடுத்தார். டீச்சர் அரைமனசாகச் சம்மதித்தாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் பார்க்காத சந்தோஷம். அது தன் கைங்கரியம் என்று நினைக்கும்போது ரேடியோக்காரருக்கு உடம்பே இரண்டு சுற்று பெருத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் அவர் பேச்சுதான். டாக்டர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். முதல் வேலையாகத் தன் வீட்டு இரும்புக் கட்டிலை வாசலில் எடுத்துப் போட்டார். எதிர்வீட்டில் பீரோவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் ரேடியோக்காரருக்கு வணக்கம் வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணி. ரேடியோக்காரர் கொட்டகையில் இருந்தார். சொன்னால் வெட்கக்கேடு, கொட்டகை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. நாற்பத்தொரு ரேடியோவும் முதல்முறையாக வரிசையாக, தூசு தட்டி, கைக்கெட்டும் தூரத்தில் நின்றன. காலையில் ஒன்று லேசாகக் கரகரத்துக்கூட இருந்தது. அந்த நேரம் டாக்டர் வியர்வையோடு ஓடி வந்தார்.

"சார், கட்டில் போச்சு, பீரோ போச்சு, இன்னும் ரெண்டு கோடுதான் காட்டுது. மிச்சம் இருக்கிறது கிளினிக் நாற்காலி ஒண்ணுதான். முழுக்க இரும்பு. தரையோட போல்ட் போட்டது. பிடுங்கிடலாமா?"

"இருங்க, நம்ம ரூம்ல எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துட்டு வரேன்," என்று ரேடியோக்காரர் வீட்டுக்குள் போனார்.

முன்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் டீச்சர் ராணி மாதிரி நின்றாள். டேப்பில் ஆறு முகங்கள். அவளுக்கு இந்தப் பக்கம்...

இந்தப் பக்கம் தையல் மெஷின்! கால் முதல் தலைவரை கெட்டி இரும்பு. 'இரும்பு உள்ளே வரக்கூடாது' என்ற கதவைத் தாண்டி, கம்பீரமாக உள்ளே நின்றது. ரேடியோக்காரருக்குப் பகீரென்றது. எட்டி டேப்பைப் பார்த்தார். நாலு கோடு. ஆடவில்லை, அசையவில்லை.

அப்புறம்தான் கவனித்தார். டீச்சர் குண்டூசிகளை ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தாள். தட்டில்லை அது. மூடி. நூல் டப்பாவின் தகர மூடி.

ரேடியோக்காரர் பூனை மாதிரி ஹாலுக்கு வந்தார். ஸ்டூலைப் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டேஷனைப் பார்க்க ஏறினார். பீரோ மேல் நூல் டப்பா, மூடி இல்லாமல். உள்ளே நூற்கண்டுகளுக்கு நடுவில், தொட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வைஃபை பெட்டி. அதன் ஒயர்கள் டப்பாவின் பக்கத்தில் இருந்த ஒரு வட்ட ஓட்டை வழியாக வெளியே வந்தன. அந்த ஓட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான வாரம் ரேடியோ ஒயரை வெளியே விடத் துளை போட்டதே அவர்தான். டப்பாவின் வெளிப்புறம் பழைய பிஸ்கட் படம் இன்னும் லேசாகத் தெரிந்தது.

நீல நூலுக்கு மூடி ஒரு விரல்கடை நகர்ந்தது. கறுப்புக்குக் கால்வாசி. வெள்ளைக்குப் பாதி. சிவப்புக்கு முழுசும். கல்யாணமான வாரம் அவர் நடத்திய பாடத்தை, இத்தனை வருஷம் கழித்து, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருந்தாள் மகராசி.

கோபம் வரும் என்று ஸ்டூல்மேல் நின்று காத்துப் பார்த்தார். வரவில்லை. வந்தாலும் யாரிடம் சொல்ல? தெரு முழுக்க பீரோவை வெளியே போட்டுவிட்டு அவரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஹால் வாசலில் டாக்டர் வேறு வந்து நின்றார், கையில் ஸ்பானரோடு.

"என்ன சார் சொல்றீங்க? பிடுங்கிடலாமா?"

"வேண்டாம் டாக்டர்," என்றார் ரேடியோக்காரர், குரலைக் கனமாக்கிக்கொண்டு. "நாற்காலியைத் தொடாதீங்க. வீட்டுக்குப் போய், வைஃபை பெட்டியை எதுக்குள்ள வைச்சிருக்கீங்கன்னு முதல்ல பாருங்க."

"ஸ்டேஷன்ல குத்தமே இருக்காதுன்னு எழுதி வைச்சுக்கச் சொன்னீங்களே?"

"அடிச்சுடுங்க. சில வீட்ல ஸ்டேஷன் ரொம்பப் புத்திசாலி."

டாக்டர் அதையும் பேப்பர் ஓரத்தில் எழுதிக்கொண்டு, "மேதை சார் நீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முன்னறையிலிருந்து கத்தரிக்கோல் சத்தம் நின்றது. டீச்சரின் குரல் தலையைக்கூடத் திருப்பாமல் வந்தது.

"என்னங்க, பார்த்தாச்சுன்னா இறங்கும்போது அப்படியே அந்த மஞ்சள் நூலை எடுத்துட்டு வாங்க."